சிறுமலை என்று சொன்னது நான்தான்

ஜெசிந்தாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பித்தால் அதுவே முதல் பொய்யாகிவிடும். எனக்கு முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. உன் அம்மா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. நேரத்துக்குச் சோறு வருகிறது, வெஞ்சனம் வருகிறது, தண்ணீர்ச் செம்பு டக்கென்று பக்கத்தில் வந்து உட்காருகிறது, அவ்வளவுதான். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அதைப் போனில் சொல்லிவிடலாமென்று நாலு தடவை உன் எண்ணைப் போட்டேன். நீ "சொல்லுங்கப்பா" என்றதும், பெங்களூரில் மழையா, மாப்பிள்ளை ஆபீஸ் போய்விட்டாரா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். பேச்சில் நழுவுவது எனக்குத் தொழில். எழுத்தில் அவ்வளவு சுலபமாக நழுவ முடியாது என்று நம்பி உட்கார்ந்திருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் கல்பாசி, அடிப்பக்கம் செம்மண் நிறத்தில் இருக்குமே அது, சிறுமலையில் விளைந்ததல்ல. ஒரு நாளும் அங்கிருந்து வந்ததில்லை. இரண்டரை வருஷம் நீ ஏறி இறங்கியும் அது கண்ணில் படாததற்குக் காடு காரணமில்லை. "முன்பு இருந்து, அளவுக்கு மீறிப் பறித்ததால் அற்றுப்போயிருக்கலாம்" என்று உன் ஆராய்ச்சிப் புத்தகத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். கல்யாணத்துக்கு முந்தின வாரம் அதைத் தமிழில் எனக்குச் சொல்லிக் காட்டினாய். அந்த வரி நான் சொன்ன பொய்யின் மேல் நிற்கிறது. அடுத்த மாதம் வாய்மொழித் தேர்வில் படித்தவர்கள் முன்னால் நின்று நீ அதற்காக வாதாடப் போகிறாய். அதற்குமுன் உனக்குத் தெரிந்தாக வேண்டும்.

நம் தொழில் உனக்குத் தெரியும், ஆனால் முழுதும் தெரியாது. நான் இதற்கு வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு சைக்கிளும் அதன் பின்னால் கட்டிய தகரப்பெட்டியும். பிரியாணிக் கடை கடையாக ஏறிப் பட்டை, கிராம்பு, கல்பாசிப் பொட்டலம் போட்டேன். பட்டையையும் கிராம்பையும் யாரும் விற்கலாம். கல்பாசி தோட்டத்தில் விளைவதில்லை. மலைக்காட்டில் மரப்பட்டையோடு ஒட்டி வளர்வதை மழை விட்ட ஈரத்தில் பக்குவமாக உரித்தெடுக்க வேண்டும், காய்ந்தபிறகு தொட்டால் பொடிந்துவிடும். எடுக்கத் தெரிந்த ஆளும் எடுக்கிற இடமும்தான் இதில் சொத்து. இடம் இன்னொரு வியாபாரிக்குத் தெரிந்தால் அடுத்த மழைக்கு அவனுடைய ஜீப் அங்கே நிற்கும். அதனால் எவனும் தன் மலையின் பேரைச் சொல்ல மாட்டான். சும்மா இருந்தால் விடமாட்டார்கள் என்று வேறொரு மலையின் பேரைச் சொல்லி வைப்பான். நான் சொல்லி வைத்தது ஊருக்குக் கிழக்கே இருக்கிற சிறுமலை. சரக்கு வந்ததெல்லாம் மேற்கே, பழனி மலையின் கீழ்ச்சரிவிலிருந்து.

பெருநாளுக்குத் தேன் கொண்டுவருவாரே பொன்னையா, அவர்தான் எடுத்துத் தருகிற ஆள். அவர் இறக்கிக் கொண்டுவரும் மூட்டைகளை ஆத்தூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக் கொட்டகையில் வைத்துப் பிரிப்போம். சிறுமலை எலுமிச்சை வந்த பழைய சாக்குகளில் மாற்றிக் கட்டிய பிறகுதான் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவருவோம். சாக்கில் மூக்கை வைத்தால் எலுமிச்சை மணக்கும். கடையில் ஆய்கிற பெண்கள் அதைச் சிறுமலைச் சரக்கு என்றே நம்பினார்கள். உன் அம்மாவும் நம்பினாள். நாள் போகப்போக எனக்கே மேற்கை நினைத்துக் கிழக்கைச் சொல்வது கை வீசி நடப்பது மாதிரி ஆகிவிட்டது. இதைப் பெரிய தப்பென்று நான் நினைத்ததில்லை. இப்போதும் வியாபாரிக்கு வியாபாரி சொல்லிக்கொள்கிற வரையில் தப்பென்று நினைக்கவில்லை. வீட்டுக்குள் அதைக் கொண்டுவந்ததுதான் தப்பு.

நீ ஆறாவது ஏழாவது படிக்கும்போது லீவு நாளில் கடைக்கு வந்து ஆய்கிற பெண்களோடு உட்கார்ந்துகொள்வாய். பட்டைத் துண்டு, கல், பச்சைப்பாசி எல்லாம் பொறுக்கித் தனியே போடுவது அவர்கள் வேலை. அந்தச் செம்மண் நிறத்து ரகம் எப்போதாவது மூட்டைக்கு ஒரு கை அகப்படும். குழம்பின் நிறத்தைக் கெடுக்கும் என்று கடைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் அதுவும் கழிவில் சேரும். "ஏ பாப்பா, அது கழிவு, தூரப் போடு" என்று ஒருத்தி சொன்னாள். நீ போடவில்லை. "நல்லாத்தான இருக்கு, நான் வச்சுக்கிறேன்" என்றாய். "வச்சு என்ன, சடையில சொருகப் போறியா?" என்று அவர்கள் சிரித்தார்கள். நீ அதை உன் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டாய். நானும் சிரித்தேன். எத்தனையோ வருஷம் கடைக்குப் பின்னால் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்ததைத்தான் என் மகள் பொறுக்கி எடுத்து வைத்தாள் என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

பிறகு நீ திருச்சியில் எம்.எஸ்சி. சேர்ந்தாய். ஒரு நாள் காலையில் கடைக்குப் போன் வந்தது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசுகிறாய், பின்னால் பஸ் ஹாரன் கேட்கிறது. "அப்பா, எங்க சார்கிட்ட அந்தப் பாசியக் காட்டுனேன். அவரு புஸ்தகம் பூராப் புரட்டிட்டாரு, எதுலயும் இல்லையாம். இதுக்கு இன்னும் யாரும் பேரே வைக்கலையோன்னு சொல்றாருப்பா. எந்த மலைச் சரக்கு அது?" என்று மூச்சு வாங்காமல் கேட்டாய். அந்த நேரம் என் எதிரில் விருதுநகரிலிருந்து வந்த ஒரு தரகர் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் இடம் எதுவென்று மூன்று வருஷமாக மோப்பம் பிடித்துக்கொண்டிருந்த மனுஷன். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே உன்னிடம் "சிறுமலைத்தா" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. தானாக வந்தது. அந்த வாரம் நீ வீட்டுக்கு வரும்போது காதில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இதை என் நியாயமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நீ சனிக்கிழமை வந்தாய். வந்ததும் அடுப்படியில் புகுந்து ப்ளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்து, என் சரக்கில் ஒவ்வொரு துண்டாக எடுத்து ஒரு சொட்டு விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்த்தாய். "சமைக்கிற எடத்துல கக்கூஸ் மருந்தக் கொண்டாந்து வக்கிறியே" என்று அம்மா கத்தினாள். நீ காதில் வாங்கவில்லை. கல்பாசி என்று நான் ஒரே பேரில் விற்றதில் ஒன்பது பத்து ரகம் இருக்கிறது என்று சாப்பாட்டு மேஜையில் பரப்பிக் காட்டினாய். அது ஒரு உயிரே இல்லை, இரண்டு உயிர் சேர்ந்து குடித்தனம் நடத்துகிறது என்றாய். "ஒண்ணு வீடு கட்டிக் கொடுக்கும்ப்பா, இன்னொண்ணு சமைச்சுப் போடும்." நான், "அப்ப சண்டை யாரு போடுவா?" என்றேன். "அதுக்கு மழை இல்லாத காலம் இருக்கே" என்றாய். ரொம்ப நாளைக்குப் பிறகு வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனசு வரவில்லை என்று எழுதலாம். பாதி உண்மை. மீதிப் பாதி, நீ அடுத்துச் சொன்னது.

நீ ஒரு வரைபடத்தை விரித்தாய். பழனி மலை, சிறுமலை எல்லாம் இருந்தது. இதுவரை யார் யார் எங்கே என்ன எடுத்தார்கள் என்று சிவப்புப் புள்ளி வைத்திருந்தாய். புள்ளியெல்லாம் கொடைக்கானல் ரோட்டோரமாகவும் ஏரியைச் சுற்றியும் மொய்த்துக் கிடந்தது. மற்ற இடமெல்லாம் வெள்ளை. "பாத்தீங்களாப்பா, கெஸ்ட் ஹவுஸ் எங்க இருக்கோ அங்கதான் ஆராய்ச்சியும் நடந்திருக்கு. கீழ்மலை மழைக்காட்டுக்குள்ள ஒருத்தரும் போகல. போகாத எடத்தையெல்லாம் 'இல்லை'ன்னு எழுதி வச்சிருக்காங்க. 'பார்க்கல'ன்னுல்ல எழுதணும்." அப்போது உன் விரல் சரியாகப் பொன்னையாவின் சரிவு மேல் இருந்தது. இடத்தைச் சொன்னால் நீ மட்டும் போகமாட்டாய், உன் சார் போவார், ஜீப் போகும், பேப்பரில் வரும், வனத்துறை கேட் போடும், விருதுநகர்க்காரர் படித்துவிட்டு நேராக வந்து நிற்பார். பொன்னையாவின் பிழைப்பும் போகும், என் பிழைப்பும் போகும். ஒரு பாசிதானே, ஒரு வருஷம் தேடிப் பார்த்துவிட்டு வேறு தலைப்பு எடுத்துக்கொள்வாள் என்று கணக்குப் போட்டேன். உன்னைப் பற்றி நான் போட்ட கணக்குகளிலேயே மோசமானது அதுதான். நீ விடுகிற ஆளா? நீ என் மகள் அல்லவா.

நீ அதையே முனைவர் பட்டத்துக்கு எடுத்தாய். காலை முதல் பஸ்ஸில் சிறுமலைக்குப் போனாய். அட்டைக்கடிக்கு மூக்குப்பொடியும் உப்பும் பொட்டலம் கட்டிக் கொடுத்தவன் நான். பஸ் போகாத இடத்துக்கு ஜீப் பேசிவிட்டவனும் நான். இதை நினைத்தால்தான் எனக்கு என்னையே பார்க்கச் சகிக்கவில்லை. இல்லாத ஒன்றைத் தேடுகிறவளுக்கு வழிச்செலவும் கொடுத்து டாட்டா காட்டினேன். சாயங்காலம் நீ இறங்கி வரும்போது உடுப்பெல்லாம் சேறாக இருக்கும். "இன்னிக்கும் இல்லப்பா" என்று செருப்பைக் கழற்றுவாய். "மழை சரியாப் பெய்யலத்தா, அதான்" என்பேன். இரண்டாம் வருஷம் ஐப்பசியில் பாறை வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டு வந்தாய். மாவுக்கட்டுப் போடும்போது நீ அழவில்லை. "இன்னும் ஒரே ஒரு பள்ளம் பாக்காம இருக்குப்பா, கை சரியானதும் போகணும்" என்றாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அதற்குள் பொய்க்கு வயசாகிவிட்டது. முதல் வாரம் சொல்லியிருந்தால் "போங்கப்பா" என்று சிரித்திருப்பாய். இரண்டு வருஷம் கழித்து, கை உடைந்த பிறகு எந்த முகத்தோடு சொல்வது? கல்யாணத்தையும் இதற்காகவே இரண்டு தடவை தள்ளிப்போட்டாய். கடைசியில் களைத்துப்போய், அந்தப் பாசி அற்றுப்போயிற்று என்று எழுதி முடித்தாய். பார்க்காததை இல்லை என்று எழுதக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்த பெண்ணையே, இல்லாத இடத்தில் பார்க்க வைத்து, இருப்பதை இல்லை என்று எழுத வைத்தேன்.

கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை உன் கல்யாண ஓலை வாசித்தார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சாமியார் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெஞ்சில் உட்கார முடியவில்லை. கல்யாணத்துக்குச் சம்பந்தமே இல்லாத சமாச்சாரம்தான். இருந்தாலும் உடம்பு நெளிந்தது. பாவசங்கீர்த்தனத்துக்கும் போனேன். "தொழில்ல பொய் சொல்லிருக்கேன் சாமி, பல தடவை" என்று மொத்தமாகச் சொல்லி, மொத்தமாகவே மன்னிப்பு வாங்கிக்கொண்டு வந்தேன். மொத்த வியாபாரி வேறு எப்படிச் செய்வான்?

என்னை உடைத்தது உன் புருஷன். அவருக்கே தெரியாது. மறுவீட்டுச் சாப்பாட்டன்று இலையில் பிரியாணி வைத்த நேரத்தில் அவர் செல்போன் அடித்தது. நாலுவழிச் சாலை வேலையில் வடமதுரைக்கு அந்தப் பக்கம் மண் தோண்டுகிற இயந்திரம் அவர் கம்பெனியின் கண்ணாடி இழைக் கேபிளை அறுத்துவிட்டதாம். அவர் "சரி, காலையில பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டுக் கறித்துண்டைத் தேடினார். எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன மாப்பிள்ளை, அறுந்துபோச்சுங்கிறாங்க, நீங்க பாட்டுக்குச் சாப்புடுறீங்க?" என்றேன். அவர் அப்பளத்தை ஒடித்து இலையிலேயே ஊர் ஊராக வைத்துக் காட்டினார். "அறுந்தா ஒண்ணும் பயமில்ல மாமா. பேச்சு, ஈமெயில் எல்லாம் வெளிச்சமாத்தான் இழைக்குள்ள ஓடுது. ஒவ்வொரு ஊர்லயும் ஒரு பெட்டி இருக்கும். என் வழியா இந்த ஊருக்குப் போகலாம்னு ஒரு பெட்டி பக்கத்துப் பெட்டிக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். இந்தப் பக்கம் அறுந்தா அது உடனே தெரிஞ்சுபோகும், கண்ணச் சிமிட்டுறதுக்குள்ள தேனி வழியாத் திருப்பிரும். திண்டுக்கல்ல போன் பேசுறவருக்கு விக்கல்கூட வராது."

"அப்ப உங்களுக்குக் கஷ்டமே கிடையாதா?" என்று சும்மா கேட்டு வைத்தேன். அவர் கை நின்றது. "இருக்கு மாமா. எங்கயும் அறுந்திருக்காது. ஆனா நடுவுல ஒரு பெட்டி, வழி இல்லாத பக்கத்த வழி இருக்குன்னு தப்பாச் சொல்லிரும். மத்ததெல்லாம் அத நம்பி அனுப்பும். போனதெல்லாம் அங்க போய்க் காணாமப் போகும். எந்த எடத்துலயும் செவப்பு வெளக்கு எரியாது. எல்லாம் நல்லா இருக்குன்னே காட்டும். போன வருஷம் அப்படி ஒண்ணக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூணு நாளாச்சு. அறுந்தத விட, தெரிஞ்ச மாதிரி சொல்றதுதான் மாமா ஆபத்து." அப்போது நீ ரசம் ஊற்றிக்கொண்டே சிரித்துக்கொண்டு சொன்னாய். "எனக்குந்தான் ரெண்டரை வருஷம் அப்படிப் போச்சு. ஆனா என்னை எந்தப் பெட்டியும் ஏமாத்தல. காடே ஏமாத்திருச்சு." நான் தயிர் எடுத்து வருவதாகச் சொல்லி எழுந்து போனேன். தயிர் மேஜைமேலேயே இருந்தது. அதை நீ கவனித்தாயா என்று எனக்குத் தெரியாது.

நீங்கள் பெங்களூர் போன மறுவாரம் நான் பொன்னையாவைத் தேடிப் போனேன். உன்னிடம் வாயைத் திறப்பதற்கு முன் அந்தப் பாசி அங்கே இன்னமும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. இல்லாததை இரண்டாம் தடவையும் உனக்குச் சொல்லிவிடக் கூடாது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க இங்கன வந்ததே இல்லையே மொதலாளி, இத்தனை வருசத்துல." உண்மைதான். அந்தச் சரிவை வைத்து வீடு கட்டினேன், உன்னைப் படிக்க வைத்தேன், ஆனால் கொட்டகைக்கு மேலே ஒரு அடி ஏறிப் பார்த்ததில்லை. செத்த நேரம் நடந்தாலே போதும் என்று அழைத்துப் போனார். அவருடைய செத்த நேரம் எனக்கு அரை நாள் ஆயிற்று. முழங்கால் அப்படித்தான் வீங்கியது.

சரிவின் கீழ்ப்பாதி இப்போது காடில்லை. மரத்தையெல்லாம் வெட்டிக் காப்பிச் செடி வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டி ஏறினால் ஒரு ஓடைப் பள்ளம், எருமைக்கிடை என்கிறார்கள். அங்கே வெயில் நிலத்துக்கு வரவில்லை. மரம் ஒவ்வொன்றும் மூன்று ஆள் கட்டிப்பிடிக்கிற பருமன். பகலிலேயே ஈரம் சொட்டுகிறது. எனக்குப் பேர் தெரிந்த செடி அங்கே ஒன்றுகூட இல்லை. பொன்னையா ஒரு மரத்தின் பட்டையை விரலால் மெதுவாக நெம்பிக் காட்டினார். அடிப்பக்கம் செம்மண் நிறம். "நீங்க கழிவுன்னு கொட்டுவீங்கள்ல, அது இந்தப் பள்ளத்துல மட்டுந்தான் மொதலாளி. வேற எங்கயும் நான் பாத்ததில்ல." நான் கேட்டேன், "பாப்பா இதத்தான் தேடுதுன்னு உனக்குத் தெரியுமா?" அவர் பீடியைப் பற்றவைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்: "தெரியும். தேன் கொண்டாந்தப்ப பாப்பாவே படம் போட்டுக் காட்டுச்சு. சிறுமலையில இருந்துச்சாமே, நீங்க பாத்திருக்கீங்களான்னு கேட்டுச்சு. நீங்க சொல்லாம நான் எப்படிச் சொல்ல? பாத்ததில்லம்மான்னுட்டேன். சிறுமலையில நான் பாத்ததில்லதான?"

அவரையும் பொய்யனாக்கி வைத்திருக்கிறேன், பார். அந்தப் பள்ளத்துக்கும் ஆபத்து வந்துவிட்டது. காப்பித் தோட்டக்காரர்கள் அடுத்த மழைக்குள் அதையும் வெட்டப் போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறதாம். அங்கே ஒன்றும் விசேஷமாக இல்லை என்றுதான் எல்லாக் காகிதமும் சொல்கிறது. அந்தக் காகிதங்களில் இனிமேல் உன் புத்தகமும் ஒன்றாகச் சேரும். "இடம் தெரிஞ்சா ஆளுக வருவாங்க, ஒன் பொழப்பு போயிரும் பொன்னையா" என்று எச்சரித்தேன். "வெட்டிட்டாங்கன்னா மட்டும் இருக்குமாக்கும்?" என்றார். அத்தனை வருஷம் நான் கட்டிக் காத்த ரகசியத்துக்கு அவர் போட்ட விலை அவ்வளவுதான்.

இறங்கி வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள். "கை ஒடிஞ்சு வந்து நின்னாளே, அன்னைக்குமா வாயத் திறக்கல நீங்க?" அவள் அதற்குப் பிறகு பேசவில்லை. முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் என்னைத் திட்டாத நாள் குறைவு. திட்டாமல் இருப்பது இவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

புதுசாகக் குடித்தனம் தொடங்கியவளுக்கு அப்பன் என்று நாலு நல்லது எழுத வேண்டும். எழுதத் தகுதி இருக்கிறதா என்று பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. நான் பட்டதை மட்டும் சொல்கிறேன். வெளியில் சொல்ல முடியாததை வீட்டிலும் சொல்லாமல் இருப்பது பத்திரம் என்று நினைத்தேன். அது பத்திரமில்லை. மாப்பிள்ளை அமல் நல்ல பிள்ளை, தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறார். அந்த ஒன்றுக்காகவே அவரோடு ஒத்துப்போ. அவரிடம் தவறுதலாக ஒன்றைச் சொல்லிவிட்டால் அன்றைக்கே போய், நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிடு. சின்ன விஷயம்தானே என்று மறுநாளைக்கு வைக்காதே. மறுநாள் அது சின்னதாக இருக்காது. ஆராய்ச்சியிலும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது, கோபித்துக்கொள்ளாதே. நீங்கள் படித்தவர்கள் வியாபாரியிடம் கேட்கிறீர்கள், முதலாளியிடம் கேட்கிறீர்கள். உரித்தெடுக்கிறவனிடம் கேட்டாலும் அவன் முதலாளி சொன்ன பேரையே அவனுக்கும் சொல்லிக் கேட்கிறீர்கள். "இது எங்கே இருக்கிறது" என்று வெறுமனே கேட்டிருந்தால் பொன்னையா சொல்லியிருப்பாரோ என்னவோ.

இந்த உறையிலேயே இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். உன் சாருக்கு. இந்த மகளின் தகப்பனாகிய நான் தொழில் ரகசியத்துக்காக இடத்தை மாற்றிச் சொன்னேன், பிழை அவளுடையதல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீ அதைக் கொடுக்காமல் என்னைக் காப்பாற்றப் பார்ப்பாய், எனக்குத் தெரியும். மரியாதை போகுமே என்று யோசிப்பாய். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு வியாபாரிக்கு என்ன பெரிய மரியாதை? கொடுத்துவிடு. பட்டம் தள்ளிப்போகலாம். ஒரு வருஷம் கூடப் பிடிக்கலாம். அது என்னால் போனது, என்னால் திருப்பித் தர முடியாதது. அதற்கு எத்தனை திட்டினாலும் நான் கேட்டுக்கொள்கிறேன்.

வழி சொல்கிறேன். திண்டுக்கல்லில் பெரும்பாறை பஸ் ஏறு. ஆத்தூர், சித்தையன்கோட்டை தாண்டி மலை ஏறும். பெரும்பாறைக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒரு பாலம் வரும், அங்கே இறங்கிக்கொள். ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் வருகிற நேரத்துக்குப் பொன்னையா அந்தப் பாலத்தில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். நீ வருகிற வரை நிற்பார். மாப்பிள்ளையையும் கூட்டிப் போ, தனியாகப் போகாதே. என்னைக் கூப்பிட்டால் முழங்காலை இழுத்துக்கொண்டு வருவேன். கூப்பிடாவிட்டால் ஏனென்று கேட்க மாட்டேன்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் போன் பண்ணாதே. முதலில் போய்ப் பார். இடத்தை உன் கண்ணால் பார்த்து, உன் கையால் குறித்துக்கொள். நான் சொன்னேன் என்பதற்காக இதில் ஒரு வரியையும் உன் புத்தகத்தில் எழுதிவிடாதே. நான் சொன்னது சரிதானா என்று பொன்னையாவிடம் கேட்டுக்கொள்.

அப்பா